செஞ்சோற்றுக் கடனும் தெருவின் நெறியும்

தவறு செய்பவன் நம்மவன் எனில் அவன் பக்கம் நிற்பதா, அறத்தின் பக்கம் நிற்பதா என்னும் வினா மிகப் பழையது. கம்பர் இவ்வினாவைக் கும்பகருணனிடம் ஒருமுறையும் வீடணனிடம் ஒருமுறையும் எழுப்பி, இரு வேறு விடைகளைப் பெறுகிறார். தமையன் செய்தது தவறு என்பதை இருவரும் அறிவர்; இருவரும் அதனை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தவர்களே. அதன் பின்னர் ஒருவன் தமையனுக்காகப் போர்க்களம் புகுந்து மாண்டான். மற்றவன் எதிர்ப்பக்கம் சென்று சேர்ந்தான். காப்பியம் வீடணனைப் போற்றுகிறது. ஆனால் கேட்போர் நெஞ்சம் கும்பகருணனுக்காகவே கசிகிறது. வடநாட்டில் வாழும் நாம், வீட்டு இரகசியம் அறிந்தவனே இலங்கையை வீழ்த்துவான் என்னும் பொருள்பட வழங்கும் இந்திப் பழமொழியைக் கடைத்தெருவில் கேட்கிறோம். இராமனை வழிபடும் மக்களே வீடணன் பெயரை வசைச்சொல்லாக வழங்குகிறார்கள் என்றால், இவ்வினா இன்னும் தீர்ந்தபாடில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதே வினாவைக் கடந்த நாற்பது ஆண்டுகளாக இடைவிடாது பாடிவருகின்றது ஒரு பாட்டு வகை. அமெரிக்கக் கறுப்பின இளைஞர்களின் 'கேங்ஸ்டா ராப்' அது. சங்க மலரில் இதற்கென்ன இடம் என்று சிலர் புருவம் நெரிக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு கேட்பது பெரும்பாலும் இதையும் இதன் கிளைகளையும்தான். தாராவித் தமிழ் இளைஞர்களும் இவ்வகையைத் தம்முடையதாக்கிக் கொண்டனர். 2018இல் வெளிவந்த 'காலா' திரைப்படத்தில் அவ்வூர்க் குழுவினரான டோபடெலிக்ஸின் குரல் ஒலித்தது. பிள்ளைகள் எதனைக் கேட்கிறார்கள் என்று அறியாமலே அதனைக் கண்டிப்பது பெற்றோருக்கு அழகன்று.

இப்பாடல்களில் வசைமொழி மலிந்திருப்பதையும், பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் ஏராளமாக இருப்பதையும் நாம் மூடி மறைக்கப் போவதில்லை. அதற்குச் சமாதானம் கூற முயல்வோர் வாதங்கள் நமக்கு உவப்பாக இல்லை. ஆயினும் சேற்றைக் கண்டு ஒதுங்குவோர் அதில் வேரூன்றி நிற்பது யாதெனக் காணாமலே போய்விடுகின்றனர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது ஒன்றே ஒன்று: இப்பாடல்கள் ஓயாது பேசும் விசுவாசம்.

முதலில் அத்தெருவைச் சற்றே அறிந்துகொள்வோம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூவில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய விருந்தையே இக்கலையின் பிறப்பாகக் குறிப்பர். தொடக்கத்தில் அது ஆட்டத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் உரியதாகவே இருந்தது. 1982இல் 'தி மெசேஜ்' என்னும் பாடல் சேரியின் அவலத்தைப் பாடுபொருளாக்கியது. பிலடெல்பியாவில் ஸ்கூலி டி, லாஸ் ஏஞ்சலிசில் ஐஸ்-டி ஆகியோர் 1985, 1986 ஆண்டுகளில் தெருக்கும்பலின் வாழ்வைத் தன்மை இடத்தில் நின்று பாடினர். 1988இல் என்.டபிள்யூ.ஏ. குழுவினர் தம் ஊர்ப் பெயரையே தலைப்பில் ஏந்திய 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' தொகுப்பை வெளியிட்டனர். அதிலிருந்த காவல்துறை எதிர்ப்புப் பாடலுக்காக, 1989இல் மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். ஒரு பாட்டுக்கு அஞ்சி அரசாங்கம் கடிதம் எழுதுவது பாட்டின் பெருமையா, அரசின் சிறுமையா என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அவ்விளைஞர்கள் வளர்ந்த நிலப்பகுதியில் என்ன நிகழ்ந்திருந்தது? சவுத்கேட்டில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலை 1980இலும், ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலை 1982இலும் மூடப்பட்டன. தந்தையர்க்குக் கிடைத்த வேலை மைந்தர்க்கு இல்லாமற் போயிற்று. வேலை போன இடத்தில் 'கிராக்' என்னும் மலிவான போதைப்பொருள் வந்து புகுந்தது. பதினாறு வயதுச் சிறுவனுக்கு ஊதியம் தரும் முதலாளியாக அதுவே விளங்கியது. தொழிற்சாலையில் சங்கம் இருந்தது, மேற்பார்வையாளர் இருந்தார், வழக்கு என்றால் நீதிமன்றம் இருந்தது. சட்டத்துக்குப் புறம்பான வணிகத்தில் இவை ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தை மீறியவனைக் கேட்பதற்கு வக்கீலிடம் போக முடியாது. அங்கே சொல்தான் பத்திரம், அஞ்சாமைதான் முத்திரை. இலைஜா ஆண்டர்சன் என்னும் சமூகவியலறிஞர் 1999இல் பிலடெல்பியாவை ஆராய்ந்து எழுதிய நூலில், காவலரின் பாதுகாப்பை நம்ப இயலாத தெருவில் ஒருவனுடைய மதிப்பே அவனுக்குக் காவல் ஆகிறது என்பதை விளக்கிக் காட்டினார். விசுவாசம் அங்கே நற்பண்பாக மட்டும் இல்லை, உயிர்க்காப்பாகவும் இருந்தது.

நம் மரபில் விசுவாசத்துக்கு நாம் வழங்கும் சொற்களை இங்கே ஒப்புநோக்கலாம். செய்ந்நன்றி என்கிறோம், செஞ்சோற்றுக் கடன் என்கிறோம், உப்பிட்டவரை நினை என்கிறோம். இவை யாவற்றிலும் ஊட்டியவன் ஒருவன், உண்டவன் ஒருவன். ஒருவன் மேலே, ஒருவன் கீழே. துரியோதனன் அளித்தான், கர்ணன் பெற்றான். ஆகவே கடன் பிறந்தது. ராப் பாடல்களில் காணும் விசுவாசம் இவ்வாறு பிறந்ததன்று. அங்கே சோறிட்ட தலைவன் எவனும் இல்லை. ஒன்றாகப் பசித்திருந்தவர்கள் தமக்குள் பட்ட கடன் அது. ஒன்றுமில்லாத நாளில் உடன் இருந்தவன் என்பதே அப்பாடல்களில் ஒருவனுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த பட்டம். செல்வம் வந்தபின் வந்து ஒட்டிக்கொள்பவனே அங்கு மிக இழிந்தவன். வள்ளுவர் நட்புக்கும் நட்பாராய்தலுக்கும் பழைமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தாரல்லவா? அப்பழைமை என்னும் உரிமையை இவர்கள் ஏட்டிலிருந்து கற்கவில்லை. எனினும் நன்கு உணர்ந்திருக்கிறார்கள்.

இதன் மிக மென்மையான வடிவத்தை 1994இல் வெளிவந்த நாஸ் என்பவரின் 'இல்மேட்டிக்' தொகுப்பில் காணலாம். குவீன்ஸ்பிரிட்ஜ் என்னும் பெருங்குடியிருப்பில் வளர்ந்தவர் நாஸ். 'ஒன் லவ்' என்னும் பாடல் சிறையில் கிடக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதமாக அமைந்தது. உனக்கு மகன் பிறந்திருக்கிறான், உன்னுடைய பெண் வேறு கூட்டத்தோடு பழகுகிறாள், தெருவில் இன்னார் சுடப்பட்டார் என்று ஊர்ச் செய்திகளை வரிசையாக அடுக்கிச் செல்கிறது அக்கடிதம். ஊரைவிட்டு வந்த நம்மவர்கள் ஒரு காலத்தில் இன்லேண்டு உறையின் ஓரங்களிலும் நெருக்கி எழுதி அனுப்பிய கடிதங்களை அது நினைவூட்டாமல் இராது. இறுதிப் பகுதியில் பாடகர் தெருவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைச் சந்திக்கிறார். குண்டு துளைக்காத சட்டை அணிந்து திரியும் அச்சிறுவனுக்கு அவர் அறிவுரை கூற முயல்கிறார். வீரவசனம் ஏதும் அங்கில்லை. சிறைக்குள் இருப்பவனை மறவாதிருப்பதும், வெளியே இருப்பவன் சிறைக்குப் போகாதபடி பார்ப்பதும் ஒரே விசுவாசத்தின் இரு கைகளாகத் தோன்றுகின்றன. இவ்வகையின் சிறந்த பாடல்களுள் இதனையே நாம் முதலில் வைப்போம்.

இனி இருண்ட பக்கத்துக்கு வருவோம். இப்பாடல்களில் கொலைகாரனைக் காட்டிலும் கொடியவனாகக் கருதப்படுபவன் 'ஸ்னிச்', அதாவது காட்டிக்கொடுப்பவன். நாம் எட்டப்பன் என்னும் பெயரை எவ்வளவு வெறுப்போடு உச்சரிக்கிறோமோ, அவ்வளவு வெறுப்பு அச்சொல்லில் உறைந்துள்ளது. இவ்வெறுப்புக்குச் சட்டமும் ஒரு காரணம் என்பது பலர் அறியாதது. 1986இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட போதைப்பொருள் சட்டத்தின்படி, 5 கிராம் கிராக்குக்குக் குறைந்தபட்சம் 5 ஆண்டுச் சிறை. தூள் வடிவக் கொக்கைன் என்றாலோ அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் சிக்கியோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இந்த நூற்றுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தாழ்வு 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டது. அக்குறைந்தபட்சத் தண்டனையினின்று தப்புவதற்கு இருந்த முக்கிய வழி, பிறர் பெயர்களைச் சொல்லி அரசுத் தரப்புக்குக் கணிசமாக உதவுவது. இதில் ஒரு கொடுமை உண்டு. வணிகத்தின் தலைவனுக்குச் சொல்வதற்கு நூறு பெயர்கள் இருக்கும். தெருமுனையில் நின்ற பொடியனுக்குச் சொல்ல ஒன்றுமிராது. ஆகவே பெரியவன் வெளியே வருவான், சிறியவன் உள்ளே கிடப்பான். துரோகத்துக்கு அரசே விலை நிர்ணயித்த ஊரில், வாய் திறவாதவனைத் தெரு போற்றியதில் வியப்பொன்றும் இல்லை.

ஆனால் அந்நெறி எங்கு கொண்டுபோய் விட்டது? 2001இல் நியூயார்க்கில் ஒரு வானொலி நிலையத்தின் வாயிலில் துப்பாக்கிச் சண்டை நடந்தது. பாடகி லில் கிம் நடுவர் குழுவின் முன்னே, தம் நண்பர் இருவர் அங்கிருந்ததைத் தாம் காணவில்லை என்று சாட்சியம் அளித்தார். அது பொய் என மெய்ப்பிக்கப்பட்டு, 2005இல் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறை விதிக்கப்பட்டது. அவருடன் முன்பு ஒரே குழுவில் பாடியோரே அவருக்கு எதிராகச் சாட்சி கூறினர். அவர் சிறை புகுந்த அதே மாதத்தில் வெளிவந்த அவருடைய தொகுப்பின் பெயருக்கு 'அப்பட்டமான உண்மை' என்று பொருள்! நண்பருக்காகப் பொய் சொல்லிச் சிறை சென்றவரை நாம் எளிதில் வெறுத்துவிட முடிவதில்லை. கும்பகருணனுக்காகக் கசியும் அதே நெஞ்சந்தானே நமக்கும் உள்ளது.

2007இல் கேம்ரன் என்னும் பாடகர் தொலைக்காட்சி நேர்காணலில் கூறியது வேறு வகை. அடுத்த வீட்டில் தொடர்கொலைகாரன் குடியிருப்பதாக அறிந்தாலும் காவலரிடம் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் நான் வீடு மாற்றிக்கொள்வேன் என்றார் அவர். பின்னர் வருத்தம் தெரிவித்தார் எனினும், அச்சொல் ஒரு நெறி எவ்வளவு தூரம் வழி தவறியது என்பதற்குச் சான்றாக நிற்கிறது. வீடு மாற்றிக்கொள்ளப் பணம் உள்ளவனுக்கு அது எளிய பேச்சு. பணமில்லாதவர்க்கு? பால்ட்டிமோர் நகரில் 2002ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். தம் வீட்டு வாசலில் நடந்த போதை வணிகத்தைப் பற்றிக் காவலரிடம் பலமுறை முறையிட்ட ஒரு தாயின் வீட்டுக்கு இரவில் தீ வைக்கப்பட்டது. தாய், தந்தை, ஐந்து குழந்தைகள் என அக்குடும்பமே அழிந்தது. இதற்கு இரண்டாண்டு கழித்து, அதே நகரில், காட்டிக்கொடுப்பதை நிறுத்துங்கள் என்னும் தலைப்பிட்ட ஒளித்தட்டு விற்பனைக்கு வந்தது.

அத்தாய் காட்டிக்கொடுத்தவரா? இங்கேதான் சொற்களைப் பிரித்துப் பொருள் காண வேண்டியுள்ளது. உடன் சேர்ந்து குற்றம் புரிந்து, பங்கும் பெற்று, பிடிபட்டபின் தன் தோலைக் காக்க நண்பன் தலையை அடகு வைப்பவனுக்கே அவ்வசைச்சொல் முதலில் உரியது. அவன் ஒரு வாக்கை முறித்தவன். வாசலில் நின்று பார்த்த தாய் எவருக்கும் எவ்வாக்கும் கொடுத்தவரல்லர். அவர் முறிப்பதற்கு ஒன்றுமே இல்லை. கூட்டாளிகளுக்குள் இருந்த ஒப்பந்தத்தை ஊர் முழுவதற்கும் உரிய சட்டமாக நீட்டியதுதான் நிகழ்ந்த மோசடி. அந்நீட்டலால் பயன்பெற்றவர்கள் விற்பனையாளர்கள் மட்டுமே.

அமெரிக்க மெய்யியலறிஞர் ஜோசையா ராய்ஸ் 1908இல் விசுவாசத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கொள்ளையனும் தன் கூட்டத்துக்கு விசுவாசமாக இருக்கிறானே, அதுவும் நன்றா என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை சிந்தனைக்குரியது. ஒருவனுடைய விசுவாசம் பிறருடைய விசுவாசங்களை அழித்து வாழுமானால் அது தீது. உலகில் விசுவாசத்தைப் பெருக்குமானால் அது நன்று. அந்த அளவுகோலால் அளந்தால், அந்தத் தெருவுக்கு உண்மையில் விசுவாசமாக இருந்தவர் அத்தாயே ஆவார். தெருவில் விளையாடும் குழந்தைகள் பக்கம் நின்றவர் அவர்; தெருவின் பெயரால் தீயிட்டவன் அத்தெருவையே காட்டிக்கொடுத்தான். ராய்ஸின் கருத்தை நாம் முழுவதும் ஏற்கிறோமா என்றால், இல்லை. தாய்க்கும் தோழனுக்கும் நாம் காட்டும் பற்று இவ்வாறு அளவுகோலைத் தேடிய பின்னர் பிறப்பதன்று. எனினும் இவ்விடத்தில் அவர் கூற்று பிழைபடவில்லை.

வெளியூரில் வாழும் நமக்கு இவை தொலைதூரச் செய்திகள் அல்ல. நம்மூர்க்காரர் ஒருவர் சீட்டு நடத்துகிறார். பணத்தைச் சுருட்டுகிறார் என்று பலருக்கும் தெரியும். நம் ஆளைப் போய்ப் போலீசில் சொல்வதா, வேற்று மாநிலத்தில் நம் மானம் என்னாவது என்று வாய்மூடி இருப்போர் எத்தனை பேர்! பணம் இழந்தவரும் நம்மூர்க்காரரே என்பது அப்போது மறந்துபோகிறது. மானம் காக்கப்படுவது ஏமாற்றியவருக்கு; ஏமாந்தவருக்கு அல்ல. சிறுபான்மையாக வாழும் எவ்வினத்திலும் இது நிகழக்கூடியதே.

பாடல்களே தம் நெறியைப் பொய்யாக்குவதையும் காணத் தவறலாகாது. நட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997இல் போதை வணிகத்துக்குப் பத்துக் கட்டளைகளை அடுக்கிப் பாடினார். அவற்றுள் ஒன்று எவரையும், பெற்ற தாயையும்கூட, நம்பலாகாது என்பது. அவ்வணிகத்தை வாழ்வாகக் கொண்டவன் நம்பிக்கைக்கு ஏங்குகிறான். அவ்வணிகமோ நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. ஏக்கம் மிகுந்த இடத்தில்தான் பாட்டும் மிகும்போலும். அப்பாடல் இடம்பெற்ற தொகுப்பு வெளிவரும் முன்னரே, 1997 மார்ச் 9ஆம் நாள், அவர் லாஸ் ஏஞ்சலிசில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 24. ஒரு காலத்தில் அவருடைய நண்பராக இருந்து பின்னர்ப் பகைவரான டூபாக் ஷகூர் அதற்கு ஆறு மாதம் முன்பு, 25ஆம் வயதில், அதே முறையில் மாண்டிருந்தார். தாய்க்கு நன்றி கூறும் 'டியர் மாமா'வைப் பாடியவர் அவர். என்.டபிள்யூ.ஏ. குழுவோ துப்பாக்கியால் அன்றிக் கணக்குப் புத்தகத்தால் உடைந்தது: பணப் பங்கீட்டில் மனம் கசந்து ஐஸ் கியூப் விலகினார், 1991இல் பழைய தோழர்களையே வைது பாடினார்.

2012இல் காம்ப்டன் இளைஞர் கெண்ட்ரிக் லமார் வெளியிட்ட தொகுப்பு இம்மரபுக்கு உள்ளிருந்தே எழுந்த மறுவிசாரணை எனலாம். பின்னாளில், 2018இல், வேறொரு தொகுப்புக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர் இவர். அதில் ஒரு பாடல், தனியே இருக்கையில் சாதுவாக இருப்பவன் தோழர்களின் காரில் ஏறியதும் எவ்வாறு வேறொருவனாகிறான் என்பதைக் காட்டுகிறது. அவர்களோடு சேர்ந்து அவன் ஒரு வீட்டில் திருடுகிறான்; ஏன் என்று அவனுக்கே தெரிவதில்லை. எவரும் அவனை மிரட்டவில்லை. சிரிப்பும் பாட்டுமாகவே போகிறார்கள். தீ நட்பு என்னும் அதிகாரத்தை நம் பிள்ளைகளுக்கு விளக்க விரும்பும் தந்தையர், அதனோடு இப்பாடலையும் சேர்த்துக் கேட்கச் செய்தால் பயன் இரட்டிப்பாகும் என்பது நம் துணிபு.

இன்னொரு பாடலில் மூன்று குரல்கள். முதலாமவன் கொல்லப்பட்ட நண்பன் ஒருவனுடைய உடன்பிறப்பு. நானும் இறந்தால் என்னைப் பற்றிப் பாடு என வேண்டுகிறான். சொல்லி முடிப்பதற்குள் வெடியோசை அவன் பேச்சை நடுவில் அறுக்கிறது. இரண்டாமவள், பாடகர் முன்பொரு பாடலில் கதையாக்கிய பெண்ணின் தங்கை. என் அக்காளின் துயரை நீ ஏன் பாட்டாக்கினாய் என்று சினந்து கேட்கிறாள். தான் மங்கிப் போகமாட்டேன் என்கிறாள். சொல்லச் சொல்லவே அவள் குரல் தேய்ந்து மறைகிறது. மூன்றாவதாக விடைகூற வருபவர் பாடகரே. மாண்டோரைப் பாடுவது புலவனின் கடன் என்று புறநானூற்றுக் காலந்தொட்டு நாம் நம்பி வருகிறோம். பாடப்பட்டோரின் உறவினர் எழுந்து வந்து வழக்குரைத்ததாக நம் இலக்கியத்தில் நாம் கண்டதில்லை. அவளுடைய கேள்விக்கு அப்பாடலில் நிறைவான விடை இல்லை. இருந்திருந்தால் பாடல் தாழ்ந்திருக்கும்.

பாட்டில் 'நான்' என்பவன் பாடியவன்தானா என்னும் சிக்கல் இப்போது நீதிமன்றம் ஏறியுள்ளது. அட்லாண்டாவில் 2022இல் யங் தக் என்னும் பாடகர்மீது தொடரப்பட்ட கும்பல் வழக்கில் அவர் பாடல் வரிகளே சான்றுகளாகக் காட்டப்பட்டன. 2024 அக்டோபர் இறுதியில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு கண்காணிப்பின்கீழ் விடுவிக்கப்பட்டார். கலிபோர்னியா மாநிலம் 2022இலேயே இவ்வாறு கலைப்படைப்பைச் சான்றாக்குவதற்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் இயற்றியது. அகப்பாடலில் தலைவி கூற்றாக வருவதைக் கொண்டு கபிலர்மீது வழக்குத் தொடுக்க நாம் எண்ணமாட்டோம். ஆனால் தான் பாடுவதெல்லாம் நடந்தது என்று மார்தட்டுவதே இவ்வகைப் பாடகரின் விற்பனை உத்தி. மேடையில் உண்மை என்றும் நீதிமன்றத்தில் கற்பனை என்றும் ஒரே வாயால் சொல்வது சற்றுக் கடினமே.

இவ்வளவும் படித்தபின், அத்தெருக்களில் விசுவாசம் அழிவை மட்டுமே விளைத்தது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைக் குறிப்பிடுவோம். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிசின் வாட்ஸ் பகுதியில், கிரிப்ஸ், பிளட்ஸ் என்னும் பகைக் கூட்டங்களைச் சேர்ந்த இளைஞர்கள் போர்நிறுத்த உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டனர். மறுநாள்தான் ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய காவலர்கள்மீதான வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒரு குற்றச்சாட்டு நீங்கலாக அனைத்திலும் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். நகரம் பற்றி எரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள்களிலும் அவ்வுடன்படிக்கை முறியவில்லை. நிக்கர்சன் கார்டன்ஸ், ஜார்டன் டவுன்ஸ், இம்பீரியல் கோர்ட்ஸ் ஆகிய குடியிருப்புகளில், அதுவரை ஒருவர் எல்லையில் மற்றவர் கால்வைத்தால் உயிர் தப்பாத நிலையில் இருந்தோர், ஒருவர் பகுதிக்கு மற்றவர் சென்று கலந்துகொண்டனர். உடன்படிக்கையின் வாசகத்துக்கு அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டது 1949இல் எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்ட போர்நிறுத்த ஒப்பந்தம். நாட்டின் பெயர் இருந்த இடத்தில் குடியிருப்பின் பெயரை எழுதிக்கொண்டார்கள்.